பாரத்தை வீட்டில் மாற்றலாம், தண்டை மாற்ற ஏலாது

கனடாவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு பட்மின்டன் றக்கெற் கொண்டுவருவதாகச் சொல்லி, "மொடல் பேரை மட்டும் அனுப்பு" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பேர் அனுப்புவது லேசு. எங்கள் கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள், சொல்கிற பேரெல்லாம் யாரோ ஒரு உலக சம்பியன் பிடித்த றக்கெற்றாகவே இருக்கும். ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் பாய்ந்த பிறகு, நல்ல றக்கெற் ஒன்று கைக்கு வருவதே அபூர்வம், வருகிற ஒன்றையாவது சரியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று பட்டது. அதனால் பேர் தேடுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கோர்ட் வாங்கில் கிடக்கிற றக்கெற்றுகளை ஒவ்வொன்றாக இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்து, அளந்து, வளைத்துப் பார்த்து, ஒன்றிரண்டில் ஈயமும் ஒட்டி ஆடிப் பார்த்தேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போகலாம். றக்கெற்றின் பாரம் தலைப்பக்கமா பிடிப்பக்கமா நிற்கிறது, பிடி எவ்வளவு தடிப்பு, நரம்பு எவ்வளவு இறுக்கம் என்ற மூன்றையும் வாங்கிய பிறகும் கொஞ்சக் காசில் மாற்றலாம். மொத்த நிறையைக் கூட்டலாம், குறைக்க ஏலாது. தண்டின் விறைப்பை எந்தப் பக்கமும் மாற்ற ஏலாது. ஆகவே காசு கொடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்டு, அடுத்தது நிறை. தலைப்பாரமா பிடிப்பாரமா என்று எல்லாரும் மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிற விசயம் கடைசியில் வந்தால் போதும்.

எங்கள் கோர்ட் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம், சனசமூக நிலையத்துக்குப் பின்னால் உள்ள சீமெந்துத் தரை, நாலு மூலையிலும் எல்.ஈ.டி வெளிச்சம். இருட்டினவுடன் ஆட்கள் சேருவார்கள், வெளியே காத்திருக்கிற கூட்டத்துக்கு சிங்கிள்ஸ் ஆட இடம் கிடையாது, எல்லாம் டபிள்ஸ், தோற்ற ஜோடி வெளியே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீடியோக்களில் வருகிற றக்கெற் ஆலோசனையில் பாதி உள்ளரங்கில், இறகு ஷட்டிலில், சிங்கிள்ஸ் ஆடுகிறவர்களுக்கானது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டு நிலுக்க கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி டாகோவை நேர் செட்டில் வென்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி பின்கோட்டிலிருந்து கோணம் பிடித்து அடிக்க ஆசைப்படலாம், அதில் பிழையில்லை. ஆனால் வெளிக்காற்றில், பிளாஸ்ரிக் ஷட்டிலில், பக்கத்தில் ஜோடி நிற்கும்போது கைக்கு வேண்டியது வேறு.

சரி, அளவை. தங்கம் நிறுக்கிற சின்ன டிஜிற்றல் தராசு ஒன்று எடுத்தேன், 0.1 கிராம் வரைக்கும் காட்டும், கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் மேசையில் இருக்கிற அந்த வகை. தட்டின் மேல் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் றக்கெற்றைக் கிடத்தினால் பிடியோ தலையோ மேசையில் முட்டாமல் நிற்கும். பாரம் நிற்கிற இடத்தைப் பிடிக்க இரும்பு அடிமட்டம் ஒன்றை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தண்டை அந்த விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தில் பென்சில் கோடு. பிடியின் அடியிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் எத்தனை மில்லிமீற்றரோ அதுதான் சமநிலைப் புள்ளி. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அந்தக் காற்றுக்கே றக்கெற் ஆடும்.

பொதுவாக 295க்கு மேலே போனால் தலைப்பாரம், 285க்குக் கீழே என்றால் பிடிப்பாரம், இடைப்பட்டது சமபாரம் என்று பேசுவார்கள். கொம்பனிக்குக் கொம்பனி இது மாறும், நரம்பும் கிறிப்பும் போட்டு அளந்ததா வெறும் சட்டத்தை அளந்ததா என்பதைப் பொறுத்தும் மாறும், அதனால் எண்ணை வேதவாக்காக எடுக்காமல் ஒரே மாதிரி அளந்த றக்கெற்றுகளைத் தங்களுக்குள் ஒப்பிடத்தான் பாவிக்க வேண்டும்.

நிறைக்கும் அப்படித்தான். பிடிக்கு மேலே உள்ள கூம்பு வடிவக் கோனில் 4யூ, ஜி5 என்று சின்னதாகப் போட்டிருக்கும், யூ நிறைக்கு, ஜி பிடி அளவுக்கு. யொனெக்ஸ் கொம்பனியின் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. யூ எண் கூடக் கூட நிறை குறையும். இது நரம்பு போடாத றக்கெற்றின் நிறை, நாங்கள் கையில் பிடித்து ஆடுகிற சாமான் அதுவல்ல. நரம்பு ஒரு நாலைந்து கிராம் சேர்க்கும், அது முழுக்கத் தலைப்பக்கம் நிற்பதால் சமநிலைப் புள்ளியை 12, 13 மில்லிமீற்றர் மேலே இழுத்துவிடும். பிடியில் சுற்றுகிற ஓவர்கிறிப் ஒன்று ஏறக்குறைய 5 கிராம், அது புள்ளியைப் 10 மில்லிமீற்றர் அளவு கீழே இழுக்கும். ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துவிடும் என்று வையுங்கள். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், எங்கள் ஆட்கள் ஒரு ஓவர்கிறிப்போடு நிற்பதில்லை.

என்னோடு ஜோடி சேர்கிற அண்ணையின் றக்கெற்றை அளந்தபோதுதான் இது வடிவாக விளங்கியது. அவர் நெற்றுக்கு முன்னால் நிற்கிற ஆள், கையில் இருப்பதோ தலைப்பாரத்துக்குப் பேர்போன ஒரு 4யூ. கைக்குப் பிடி காணாது என்று பழைய ஓவர்கிறிப்பைக் கழற்றாமலே அதன்மேல் இன்னொன்று சுற்றி வைத்திருந்தார். நிறை 98 கிராம். சமநிலைப் புள்ளி 281. அதாவது பெட்டியில் தலைப்பாரம் என்று எழுதி விற்ற றக்கெற், ஆடுகிற நிலையில் பச்சைப் பிடிப்பாரம். "அண்ணை, உங்கட றக்கெற்றில தலைப்பாரம் இல்லை" என்றேன். "சும்மா இரு தம்பி, பெட்டியிலயே போட்டிருக்கு" என்றார். மேல் கிறிப்பைக் கழற்றிவிட்டு அடிமட்டத்தில் திரும்ப வைத்துக் காட்டினேன், புள்ளி 291க்கு வந்தது. அவர் ஒருக்கா வீசிப் பார்த்துவிட்டு, "இது என்ர றக்கெற் இல்லை" என்று சொல்லி இரண்டாவது கிறிப்பைத் திரும்பச் சுற்றச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். நெற்றில் நிற்கிற ஆளுக்கு வேகமாகத் திரும்புகிற தலை வேண்டும், அவருடைய கை அதைத் தானாகவே தேடிப் பிடித்திருக்கிறது, பேர்ப்பலகைதான் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

கை உணர்கிற பாரம் தராசு காட்டுகிற நிறை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சுத்தியலைப் பிடியில் பிடித்து ஒருமுறையும் இரும்பில் பிடித்து ஒருமுறையும் வீசிப் பாருங்கள், தராசில் இரண்டும் ஒன்று. வீச்சுக்கு எதிராக நிற்கிற பாரம் கையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு கூடும், தலை நுனியில் ஒட்டுகிற 1 கிராம் பாதித் தூரத்தில் ஒட்டுகிற 1 கிராமைப் போல நாலு மடங்கு வேலை செய்யும். அதனால்தான் கிளப்பில் கிடக்கிற அலுமினியச் சட்டம், இரும்புத் தண்டு போட்ட 105 கிராம் பழைய றக்கெற் சில நேரம் 97 கிராம் தலைப்பாரத்தை விட லேசாகத் தெரியும். (அந்தப் பழசில் தண்டும் சட்டமும் சேருகிற இடத்தில் வெளியே ஒரு ரி வடிவத் துண்டு தெரியும். கிராஃபைற் ஒரே துண்டாக வருவதில் அந்தப் பொருத்து உள்ளே இருக்கும். கடையில் தூக்கிப் பார்க்கிறதுக்கு முன்னமே இதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.)

அடுத்தது தண்டு. இதற்கு வீட்டில் எண் எடுக்க எனக்கு வழி இல்லை, ஒப்பிட மட்டும் செய்தேன். பிடி முழுக்க மேசையில் கிடக்க, தண்டு மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பெறாமகளைக் கூப்பிட்டுப் பிடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சட்டத்தின் உச்சியில் துணி நாடாவால் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டேன். அரை லீற்றர் தண்ணீர் அரைக் கிலோ, அதற்கு மேல் போக வேண்டாம், வெடிப்பு விழுந்த சட்டத்தில் இதைச் செய்யவும் வேண்டாம். பக்கத்தில் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து உச்சி எவ்வளவு தணிகிறது என்று பார்த்தால், ஒரே பேரில் மிடியம் (நடுத்தர விறைப்பு) என்று எழுதிய இரண்டு கொம்பனித் தண்டுகளுக்கு இடையிலேயே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தது. பெறாமகளின் 5யூ தாராளமாக வளைந்தது. என்னுடைய 3யூ ஸ்ரிஃப், அதாவது விறைத்த தண்டு, போத்தல் தொங்குவதே தெரியாத மாதிரி நின்றது.

வளைவு யாருக்கு நல்லது என்பதில் நிறையப் பேருக்குத் தலைகீழான எண்ணம். விறைத்த தண்டு பலம் தரும் என்று நினைக்கிறார்கள். தண்டு பலத்தைத் தராது, கை கொடுத்ததை வாங்கி வைத்துத் திருப்பித் தரும். வீச்சு மெதுவாக, நீளமாக உள்ளவருக்கு வளைகிற தண்டு பின்னுக்கு வளைந்து, நரம்பில் ஷட்டில் படுகிற நேரத்துக்கு நிமிர்ந்து வந்து கொஞ்சம் உதவி செய்யும். விறைத்த தண்டை வளைக்கிற வேகம் அவரிடம் இல்லாவிட்டால் அது வெறும் தடி. மணிக்கட்டும் முன்னங்கையும் வேகமாகச் சுழற்றுகிறவருக்கு வளைகிற தண்டு பிந்தி நிமிரும், ஷட்டில் நினைத்த இடத்துக்குப் போகாது, அவருக்கு விறைப்பு வேண்டும். பெறாமகளுக்கு இப்போதுதான் பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்துக்கு ஆடுகிறாள், பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குக் கிளியர் அவளுடைய 5யூவில் போய்ச் சேருகிறது. என்னுடையதைக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு முழம் குறைந்தது. "சித்தப்பா, உங்கட இது அடிக்கவே மாட்டனெண்டு நிக்குது" என்றாள். அதைவிடத் துல்லியமாக எந்தக் கடைக்காரரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை.

இனி ஈயம். கடையில் இதற்கென்றே ஈய ரேப் விற்கும், இங்கே தேடினால் கிடைப்பது குறைவு. குருநகர்ப் பக்கம் மீன்வலைச் சாமான் விற்கிற கடையில் வலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக்குண்டு வாங்கி, இரண்டு தகரத்துக்கு நடுவே வைத்துத் தட்டித் தகடாக்கி, கத்தரிக்கோலால் விரல் நகத்தின் அகலத்துக்கு நறுக்கினேன். ஈயம் நஞ்சு, சும்மா பகிடி இல்லை. கையுறை போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள், அராவத் தேவையில்லை, தூள் பறக்க விடாதீர்கள், முடிந்தவுடன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்ட வைக்காதீர்கள். துண்டுகளை நிறுத்து 1 கிராம், 2 கிராம் என்று பிரித்து வைத்து, சட்டத்தின் உச்சியில் இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டி, மேலே கறுப்பு இன்சுலேசன் ரேப்பை முழுதாக மூடிச் சுற்றினேன். விதிப்படி இது பிழையில்லை. சர்வதேச விதியிலேயே பாரத்தைப் பங்கிட றக்கெற்றில் அளவான ஒன்றை ஒட்டலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள், தேய்வையும் அதிர்வையும் தடுக்கிறவைக்கும் அதே இடம்தான் இருக்கிறது.

90 கிராம், 290 மில்லிமீற்றரில் நின்ற ஒரு சமபார றக்கெற்றில் உச்சியில் 2 கிராம் ஒட்ட, புள்ளி 298க்கு ஏறியது. கணக்குப் போட்டாலும் அதேதான் வரும். ஆடிப் பார்த்தால் ஸ்மாஷ் உண்மையிலேயே கனமாக விழுந்தது, பின்னால் நின்று ஒரு செட் முழுக்க அடித்துக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பி ஸ்மாஷ் அடிக்கத் தொடங்கியவுடன் கதை மாறியது. உடம்புக்கு நேரே வருகிற ஷட்டிலுக்குத் தலை பிந்தி வந்தது, ஃபோர்ஹான்டிலிருந்து பக்ஹான்டுக்கு மாற்றுகிற அந்தக் கண்ணிமைப்பில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றேன். 2 கிராமை எடுத்துவிட்டு 1 கிராம் வைத்தால் இரண்டும் தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. 1 கிராம்தானே என்று நினைக்கலாம், சீட்டுக்கட்டில் அது ஒரு சீட்டின் அரைப்பாகம் கூட்டியது மாதிரித்தான், ஆனால் உச்சியில் நிற்கிற 1 கிராமைக் கைக்குத் தெரியாமல் ஒளிக்க ஏலாது.

இந்த வேலையின் பெரிய இலாபம் என்னவென்றால், காசு கொடுத்துத் தலைப்பாரம் வாங்குவதற்கு முன்னாலேயே தலைப்பாரம் எனக்கு ஒத்துவருமா என்று இருக்கிற றக்கெற்றிலேயே தெரிந்துவிட்டது. மற்றப் பக்கமும் அப்படியே. பிடிப்பாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, இன்னொரு ஓவர்கிறிப் சுற்றிக்கொண்டு ஒரு கிழமை ஆடுங்கள்.

ஸ்மாஷுக்குத் தலைப்பாரம் கட்டாயம் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரலில் ஜப்பானில் யொனெக்ஸ் தொழிற்சாலை அரங்கில் அடித்த 565 கிலோமீற்றர் வேக ஸ்மாஷ்தான் கின்னஸ் பதிவுக்குப் போனது. அவர் கையில் இருந்தது நனோஃபிளேர் 1000இஸட், நனோஃபிளேர் பிடிப்பார வரிசை. தலை லேசாக இருந்தால் வேகமாக வீசலாம், வேகமாக வீசினால் ஷட்டில் வேகமாகப் போகும். அந்த வேகத்தில் வீசுகிற கை வேண்டும் என்பது வேறு விசயம். அதே கொம்பனியில் அஸ்ட்ரொக்ஸ் தலைப்பாரம், ஆர்க்சேபர் சமபாரம். விக்டரில் திரஸ்டர் தலைப்பக்கம், ஒராஸ்பீட் வேகப்பக்கம். லீ-நிங்கில் அக்ஸ்ஃபோர்ஸ், பிளேடெக்ஸ் என்று அதே பிரிவு. பேர்களைப் பாடமாக்க வேண்டாம், வரிசை தெரிந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது என்னவென்று விளங்கும், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்டம் என்ன வகை என்று கண்டுபிடிக்க, எந்த அடி பிடிக்கும் என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் ஸ்மாஷ்தான் பிடிக்கும். எந்த இடத்தில் ஆட்டப் புள்ளியை இழக்கிறீர்கள் என்று பாருங்கள். வலைக்கம்பத்துக்குப் பின்னால் ஒரு கதிரையில் போனை நிமிர்த்தி வைத்து ஒரு ஆட்டத்தைப் பதிந்து, தோற்ற புள்ளிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் பின்கோட்டில் போனது கொஞ்சம். முக்கால்வாசி நடுக்கோட்டில், நெஞ்சு மட்டத்தில் அடிபடுகிற ட்ரைவ்களில், றக்கெற் எழும்புவதற்குள் ஷட்டில் கடந்துபோன இடங்களில் போனது. அதைப் பார்த்த பிறகு 3யூ தலைப்பாரம் ஸ்ரிஃப் எனக்கு எதற்கு என்ற கேள்விக்கே இடமில்லை. பின்னால் நின்று அடிப்பதே வேலையாக உள்ளவர், ஜோடி அவரை மூடி நிற்கிறவர் என்றால் கணக்கு வேறு. இந்தோனேசியாவின் மார்க்கஸ் கிடியோனும் கெவின் சுகமுல்ஜோவும் ஆடிய காலத்தில் பின்னால் நிற்பவருக்கு அஸ்ட்ரொக்ஸ் 88டி, முன்னால் நிற்பவருக்கு 88எஸ் என்று ஒரே றக்கெற்றை இரண்டாகப் பிரித்து விற்றதே இதற்காகத்தான். டபிள்ஸ் ஆடுகிறவர் தன் கையை மட்டும் பார்த்து வாங்கினால் காணாது, பக்கத்தில் நிற்கிறவர் எங்கே நிற்பார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் வருவார், அறுபதைத் தாண்டியவர், தோள்மூட்டு நோ. அவருக்கு டென்மார்க் வீரர் அக்செல்சன் பேரோடு பேசப்படுகிற அஸ்ட்ரொக்ஸ் 100 இஸட்-இஸட் மாதிரி ஒன்று வேண்டும் என்று மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிவிட்டார். அது விறைப்பிலும் விறைப்பு, 1.94 மீற்றர் உயரமான, முழுநேரம் பயிற்சி எடுத்த மனிசனின் வீச்சுக்குச் செய்தது. "சேர், இதை வைச்சிருங்கோ, ஆட இதை எடுங்கோ" என்று வளைகிற தண்டுள்ள ஒரு 5யூவைக் கொடுத்தோம். இப்போது அவர் வலைக்குப் பக்கத்தில் மெல்ல விழுத்துகிற ட்ரொப்புக்கு ஓடி ஓடி நாங்கள் களைக்கிறோம்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து றக்கெற் கதை முடியாது. வைகாசி பிறந்து சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்பினால் ஆவணி, புரட்டாதி வரைக்கும் வெளிக்கோர்ட்டில் இறகு ஷட்டிலை நினைக்கவே ஏலாது. ஐந்து கிராம் சொச்சம் நிறையுள்ள சாமானை அந்தக் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்ரிக்தான் ஒரே வழி. யொனெக்ஸின் மேவிஸ் 350 போன்ற பிளாஸ்ரிக் ஷட்டில்களில் சுற்றியிருக்கிற பட்டியின் நிறம் வேகத்தைச் சொல்லும், பச்சை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெக்கையான ஊருக்குப் பச்சை சரி, கடையில் அனேகமாக நீலம்தான் கிடக்கும். சோளகத்தில் உயரத் தூக்குகிற ஆட்டம் எடுபடாது, எல்லாரும் தாழ்வாக, வலையை உரசி ட்ரைவ் அடிக்கத் தொடங்குவார்கள், அப்போது தலைப்பாரக்காரர்கள் எல்லாரும் பிந்துவார்கள். வருசத்தில் ஐந்து மாதம் இப்படி என்றால் அதற்கும் சேர்த்துத்தானே வாங்க வேண்டும்.

பிளாஸ்ரிக் ஷட்டிலுக்கு நரம்பை இறுக்கிக் கட்டுவதிலும் பெரிய பிரயோசனம் இல்லை. 28 இறாத்தல் கட்டினேன் என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இறுக்கம் கூடினால் கட்டுப்பாடு கூடும், ஆனால் நடுவில் பட்டால்தான் போகும், துள்ளல் குறையும், கை அதிரும். எங்கள் ஆட்டத்துக்கு 23, 24 தாராளம். பெறாமகளுக்கு 21. நரம்பு பீ.ஜி. 65, 0.70 மில்லிமீற்றர் தடிப்பு, லேசில் அறாது. 0.65, 0.66 தடிப்பில் வருகிறவை சத்தமும் துள்ளலுமாக நல்லாய்த்தான் இருக்கும், ஓரத்தில் ஒருக்காப் பட்டால் போச்சு. நரம்பு போடக் கொடுக்கும்போது கோனில் எழுதியிருக்கிற உச்ச இறுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதைத் தாண்டச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள். ஒரு நரம்பு அறுந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று பையில் வைக்காமல் அன்றைக்கே நடுவிலிருந்து தொடங்கி நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறி முழுவதையும் வெட்டி விடுங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு நிற்கிற சட்டம் கோணும். அப்போது குரோமெற்றுகளையும் (சட்டத்துத் துளைகளில் நரம்பு ஓடுகிற பிளாஸ்ரிக் குழாய்கள்) விரலால் தடவிப் பாருங்கள், வெடித்தது இருந்தால் புது நரம்பை அதுவே அறுக்கும்.

பிடி அளவு சின்ன விசயம் மாதிரித் தெரியும். யொனெக்ஸில் ஜி4ஐ விட ஜி5 மெல்லிசு, எண் கூடினால் பிடி சிறுக்கும். மெல்லிசாக வாங்கிச் சுற்றித் தடிப்பாக்கலாம், தடிப்பானதை மெலிய வைக்க மரத்தையா சீவுவது. இங்கே வியர்வைக்குத் துவாய்க் கிறிப் நல்லது என்று சிலர் சொல்வார்கள், பிடிக்கும்தான், ஆனால் பாரமும் கூட, கழுவாமல் விட்டால் மணமும் கூட. நான் மெல்லிய ஓவர்கிறிப்பை அடிக்கடி மாற்றுகிற கட்சி. அண்ணையைப் போல பிடிப்பாரம் வேண்டி வேண்டுமென்றே இரண்டு சுற்றுகிறவர்கள் சுற்றட்டும். மற்றவர்கள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுற்றுங்கள், கழற்றாமல் சுற்றச் சுற்ற றக்கெற் கையில் வேறொன்றாகிக்கொண்டு போகும்.

போலிச் சாமான் இங்கே தாராளம், பெரிய மொடல் பேரோடு நம்ப முடியாத விலைக்கு வரும். கோனில் பொறித்த இலக்கம், எழுத்தின் நேர்த்தி என்று நிறையச் சொல்வார்கள், போலி செய்கிறவனும் அதையெல்லாம் படிக்கிறான். தராசு பொய் சொல்லாது. 4யூ என்று எழுதிய, நரம்பு போடாத றக்கெற் 90 கிராம் காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை. தராசைக் கடைக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டால் கடையில் உள்ள தராசைக் கேளுங்கள்.

மச்சானுக்குக் கடைசியில் மொடல் பேர் அனுப்பவில்லை. "4யூ, ஜி5, மிடியம் தண்டு, சமபாரம், நரம்பு போடாமல் வேண்டும், நிறம் உங்கள் விருப்பம்" என்று எழுதினேன். "இதென்ன, மருந்துச் சீட்டா?" என்று கேட்டார், ஆனால் அந்தச் சீட்டோடு கடைக்குப் போனதில் விற்பனைப் பையன் மூன்றை எடுத்து வைத்தானாம், அதில் விலை குறைந்ததை எடுத்து வந்தார். வந்தவுடன் நிறுத்தேன், 83.2 கிராம். பீ.ஜி. 65 இல் 24 போட்டு, ஒரு ஓவர்கிறிப் சுற்றி அளந்தால் 92.6 கிராம், 291 மில்லிமீற்றர். இரண்டு கிழமை அப்படியே ஆடிவிட்டு உச்சியில் அரைக் கிராம் ஈயம் ஒட்டினேன், இப்போது 294க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. சோளகம் தொடங்கினால் அதைக் கழற்றிவிடுவேன். பழைய 3யூவை விற்கவில்லை, பின்கோட்டில் நிற்கிற உயரமான பெடியன் ஒருவனுக்கு ஆடக் கொடுத்திருக்கிறேன், அவனுடைய கைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.